இலங்கையின் மலையகத்தில், உரத்த மின் கிட்டார் இசையான ஹெவி மெட்டலை வாசிக்கும் குழு ஒன்று நிலைக்க முடியுமா? ஒருமுறை கலைந்துபோன குழு எப்படி மீண்டும் சேர்கிறது?

பண்டாரவளையில் நண்பர்களுடன் குழு ஒன்றைத் தொடங்க எண்ணியிருப்பதாகவும், முன்பே இவ்வழியில் போனவர்களின் அனுபவத்தை அறிய விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஹட்டனை அடுத்த தோட்டமொன்றில் 2014இல் தொடங்கி, 2019இல் கலைந்து, பின்னர் மீண்டும் சேர்ந்த குழுவொன்றில் நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். எங்களில் ஒருவர் அரச பணியில் இருப்பதால் குழுவின் பெயரைத் தவிர்க்கிறேன்.

நாங்கள் தொடங்கியபோது தொழிற்சங்கங்களுக்கும் தோட்டக் கம்பனிகளுக்கும் இடையே நடைமுறையில் இருந்த கூட்டு ஒப்பந்தப்படி தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 450 ரூபா. வரவுக் கொடுப்பனவும் ஏனையவையும் சேர்ந்தால் 620 ரூபா. எங்கள் முதல் மின் கிட்டார், அதை வாசித்தவரின் தாயார் எடுத்த தீபாவளி முற்பணத்தில் வந்தது. அம்முற்பணம் மாதாமாதம் சம்பளத்தில் கழிபட்டுக்கொண்டிருந்த காலம் முழுவதும், அந்த வீட்டில் கிட்டாரைப் பற்றிய பேச்சு சம்பள நாளன்று தவறாமல் எழும். திரைப்பாடல் கச்சேரிக் குழுவொன்று கழித்துவிட்ட ட்ரம் செட்டை வாடகைக்கு எடுத்தோம். அதைப் பயிற்சிக்குக் கொண்டுவர ஓட்டோவுக்குக் கொடுத்த காசு சில வேளைகளில் வாடகையைவிட அதிகமாயிருந்தது.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் இடம். தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே இருப்பது ஒரே சுவர்தான். விடியுமுன் எழுந்து மலைக்குப் போக வேண்டியவர்கள் உறங்கும் நேரத்தில் அங்கே கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டோர்ஷன் பெடலை மிதிப்பது நியாயமும் அல்ல. கைவிடப்பட்டிருந்த பழைய பிள்ளைக்காம்பராவை, அதாவது தொழிலாளரின் குழந்தைகளைப் பராமரிக்கும் கட்டடத்தை, கெஞ்சிப் பெற்றோம். தகரக் கூரை என்பதால் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் எங்கள் சத்தம் வெளியே கேட்காது. அதனால் மழை பிடித்தால் ஒத்திகை என்று வைத்துக்கொண்டோம். ஆனால் அதே மழையில் மின்னழுத்தம் விழுந்து அம்ப்ளிஃபயர் முனகும், ஈரத்தில் கம்பிகள் துருவேறும், நாங்கள் வாசிப்பது எங்களுக்கே கேட்காது. எங்கள் ஆரம்பகாலப் பாடல்கள் எல்லாமே தேவைக்கு மேல் உரத்தவையாக இருந்ததற்கு இதுவே காரணம் என்று இன்றும் நினைக்கிறேன்.

நீண்ட முடி, கறுப்புச் சட்டை, போதைப் பழக்கம் பற்றிய சந்தேகம் ஆகியவற்றை நீங்களும் எதிர்கொள்வீர்கள், அவை பழகிவிடும். மேடை கிடைப்பதுதான் அரிது. கோயில் திருவிழாவில் திரைப்பாடல் வாசித்தால் பணம் கிடைக்கும், எங்கள் பாடலை வாசித்தால் ஒலிவாங்கியை நிறுத்துவார்கள். கொழும்பில் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் உருவான ஸ்டிக்மாட்டா குழுவும், கண்டியில் 2001இல் தொடங்கிய பரனாய்ட் எர்த்லிங் குழுவும் இந்நாட்டில் இத்தகைய இசைக்கு ஒரு பாதை போட்டிருந்தன என்பது உண்மை. ஆனால் அந்த வட்டத்தின் பேச்சும் பாட்டும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தன. பதுளையிலிருந்து வரும் இரவுத் தபால் ரயிலில் ஹட்டனில் ஏறிக் கொழும்புக்குப் போய், சில பாடல்களை வாசித்துவிட்டுத் திரும்பும்போது, கையில் இருந்த பணம் பயணச்சீட்டுக்கே போதாது.

2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பின் நிகழ்ச்சிகள் நின்றன. ட்ரம்ஸ் வாசித்தவர் கட்டாருக்குப் போனார், கிட்டார்காரர் புறக்கோட்டைக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கலைவதற்கு எங்களிடம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

நாட்டையே உலுக்கிய 2022இன் பொருளாதார நெருக்கடிதான் எங்களை மீண்டும் சேர்த்தது என்பது விசித்திரமாகத் தோன்றலாம். கடையில் வியாபாரம் படுத்ததால் கிட்டார்காரர் ஊர் திரும்பினார். மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்டது. மின்சாரமில்லாத மின் கிட்டாரை வாசித்தால் கம்பியின் சிறு ஒலி மட்டுமே வரும். ஒரு விரல் பிந்தினாலும் அது அப்படியே தெரியும். அந்த மாதங்களில்தான் நாங்கள் ஒருவரையொருவர் கேட்டு வாசிக்கப் பழகினோம். பாடல்களையும் ஆங்கிலத்திலிருந்து எங்கள் பேச்சுத் தமிழுக்கு மாற்றினோம். பாடகரின் தொண்டை அதில்தான் இயல்பாகத் திறந்தது.

ட்ரம்ஸ் இல்லாத இடத்தை, தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்துக்குத் தப்பு என்னும் தோல் பறையை அடிக்கும் ஓர் அண்ணன் நிரப்பினார். ஒரு கையில் தடித்த குச்சியும் மறு கையில் மெல்லிய சிம்பும் கொண்டு அவர் எழுப்பும் அடி, மெட்டலின் குதிரைப் பாய்ச்சல் தாளத்துக்கு வெகு அருகில் இருந்தது. தப்பின் ஒலி கூர்மையானது. ட்ரம் செட்டின் பெரிய ட்ரம்மை இரு கால்களாலும் அடிக்கும் இரட்டைப் பெடல் தரும் அடிநாதம் அதில் இல்லை. ஆகவே கிட்டாரின் சுருதியை இறக்கி, அந்த அடிநாதத்தை என் பேஸ் சுமக்கும்படி பாடல்களைத் திருத்தினோம். குளிரில் தோல் தளர்ந்துவிடுவதால், மேடையேறுமுன் தீமூட்டித் தப்பைக் காய்ச்ச வேண்டும். மண்டபக் காவலாளிகளுக்கு இதை விளக்குவதே ஒரு வேலை.

நாங்கள் எதிர்பாராத எதிர்ப்பு இங்கேதான் வந்தது. கிட்டாரின் இரைச்சலைச் சகித்துக்கொண்ட சில பெரியவர்கள், தப்பை மேடையேற்றக்கூடாது என்றனர். ஒரு காலத்தில் விடியற்காலையில் தொழிலாளரைப் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கும் கூட்டத்துக்கு, அழைத்த கருவி அது. திருவிழாவிலும் சாவு வீட்டிலும் அது இன்றித் தோட்டம் இல்லை. ஆயினும் அதை அடிப்பவரின் சாதியை எண்ணி அதைக் கீழாகப் பார்க்கும் வழக்கம் எங்களிடையே இன்னும் போகவில்லை. மெட்டல் மீது சுமத்தப்படும் சாத்தான் இசை என்ற பழியைச் சிரித்துக் கடக்க முடிந்தது. இதைக் கடக்க முடியவில்லை, கடக்கவும் கூடாது. அண்ணனை மேடையின் நடுவில் நிறுத்தாமல் வாசிப்பதில்லை என்று முடிவெடுத்தோம். அதனால் ஒரு திருவிழா வாய்ப்புப் போயிற்று. மலையகத் தமிழர் வருகையின் இருநூறாவது ஆண்டு நினைவுகூரப்பட்ட 2023இல், ஹட்டனில் சிறிய மண்டபமொன்றில் முழு நிகழ்ச்சி நடத்தினோம். வந்தவர்களில் பாதிப்பேர் உறவினர்கள் என்றாலும், மற்றப் பாதியினர் பணம் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள்.

கட்டாரிலிருந்து விடுமுறையில் வரும்போது பழைய ட்ரம்ஸ்காரரும் எங்களோடு சேர்ந்து வாசிக்கிறார். அவரும் தப்படிக்கும் அண்ணனும் சேரும் பாடல்களில் யார் முந்துவது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஒத்திகைக்கு நிரந்தர இடமும் இன்றுவரை இல்லை. நீங்கள் தொடங்குவதாயின் ட்ரம் செட்டுக்குப் பணம் சேர்ப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். லயத்திலிருந்து விலகிய, மழை ஒழுகாத அறையொன்றுக்குத் தோட்ட நிர்வாகத்திடமோ சனசமூக நிலையத்திடமோ முதலில் எழுத்தில் அனுமதி பெறுங்கள். வாய்மொழி அனுமதி, தோட்ட நிர்வாகியான துரை மாறும்போது கூடவே போய்விடும்.