ஆழம்தான் அடுத்த இலக்கா?

கேள்வி: ஸ்கூபா (காற்று சிலிண்டருடன் நீருக்குள் மூழ்குவது) அடிப்படைச் சான்றிதழ் வாங்கிவிட்டேன். வரம்பு 18 மீட்டர். சீக்கிரம் 30 மீட்டர் தொட ஆசை. முயலலாமா?

பதில்: இப்போது வேண்டாம். 10 மீட்டரில் அழுத்தம் 2 பார் (மேற்பரப்பில் 1 பார்). 30 மீட்டரில் 4 பார். ஒவ்வொரு மூச்சுக்கும் இரு மடங்கு காற்று செலவாகும். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் இருந்து, 50 பாரை இருப்பாக விட்டால் மிச்சம் 150 பார், அதாவது 12 × 150 = 1800 லிட்டர் காற்று. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவருக்கு அது 10 மீட்டரில் 45 நிமிடம், 30 மீட்டரில் 22 நிமிடம்தான். பதறினால் அதுவும் இல்லை!

இன்னொரு சிக்கல் மிதப்பு. ஆழத்தில் வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) நசுங்கி மிதப்பு குறையும். ஈடுகட்ட, மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் ஜாக்கெட்டில் காற்று ஏற்றுவீர்கள். மேலே வரும்போது அது விரியும். உடனுக்குடன் வெளியேற்றாவிட்டால் கட்டுப்பாடின்றி மேலே தூக்கிவிடும். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். நைட்ரஜன் மயக்கமும் (அழுத்தத்தில் சுவாசிக்கும் நைட்ரஜனால் வரும் போதை போன்ற நிலை) 30 மீட்டர் வாக்கில் தலைகாட்டும். காற்றின் அளவு காட்டும் கேஜைப் பார்த்தும் மனதில் பதியாது.

வெளிச்சமும் நிறமும் 15 மீட்டருக்குள்தான் அதிகம். அங்கே, கை அசைக்காமல், 5 மீட்டரில் 3 நிமிடம் அரை மீட்டர்கூட ஏறி இறங்காமல் நிற்கப் பழகுங்கள். அது கைவந்தபின், பயிற்சியாளருடன் ஆழ்கடல் பயிற்சிக்குப் போங்கள். அப்போதும் பார்க்க வேண்டிய கப்பலோ பாறையோ அங்கே இருந்தால் மட்டும் இறங்குங்கள்.