எரிச்சல் அடங்கியது, பார்வை தெளியவில்லை

கேள்வி: அலுவலக வளாகம் ஒன்றில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளராக இருக்கிறேன். நான்கு நாள்களுக்கு முன், குழாய் அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடாத் தூளில் தண்ணீர் ஊற்றியபோது பொங்கித் தெறித்து வலது கண்ணில் விழுந்தது. முகம் கழுவி, மேற்பார்வையாளர் கொடுத்த சொட்டு மருந்தை விட்டேன். இப்போது எரிச்சல் இல்லை. பார்வை மட்டும் புகைமூட்டமாக இருக்கிறது. தானாகச் சரியாகுமா? ஆஸ்பத்திரிக்குப் போனால் வேலை போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: சகோதரி, இதைப் படித்தவுடன், வேலை நேரம் முடியும்வரை காத்திராமல், கண் மருத்துவப் பிரிவுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எரிச்சல் நின்றதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ள முடியாது. கழிவறை கழுவும் ஆசிட் பெரும்பாலும் கண்ணின் மேற்பரப்பிலுள்ள புரதத்தை உறையவைத்து, அந்தப் படலத்தாலேயே ஓரளவு தடைபட்டு நிற்கும். காஸ்டிக் சோடாவோ திசுக்களின் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு கருவிழிக்குள் ஆழமாக இறங்கும். அங்குள்ள நரம்புகள் பாதிக்கப்பட்டால் வலியே தெரியாமல் போவதும், கண்ணின் உள்ளழுத்தம் உயர்வதும் உண்டு. அந்தத் தூளின் பாக்கெட்டையும், மேற்பார்வையாளர் கொடுத்த சொட்டு மருந்தையும் கையோடு கொண்டுபோங்கள். அந்தச் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு (அழற்சியை அடக்கும் மருந்து) இருக்கிறதா என்பது மருத்துவருக்குத் தெரியவேண்டும். அதுவரை அதை மேற்கொண்டு விடவேண்டாம்.

உடன் வேலைசெய்பவர்களுக்கும் சொல்லிவையுங்கள்: கண்ணில் ரசாயனம் பட்டால், இமைகளை விரித்துப் பிடித்து, ஓடும் குழாய்நீரில் குறைந்தது 15 முதல் 20 நிமிடம் விடாமல் கழுவியபடியே வண்டிக்குச் சொல்லவேண்டும். முகத்தில் நாலு கை தண்ணீர் அடிப்பது போதாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று எவர் சொன்னாலும் கேட்கவேண்டாம். தூளின்மேல் தண்ணீர் ஊற்றுவதும் ஆபத்து. நிறையத் தண்ணீரில்தான் தூளைச் சிறிது சிறிதாகப் போடவேண்டும்.

வேலையைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானதே. ஆனால் விபத்து எங்கும் எழுதப்படாமல் இருப்பதுதான் உங்களைப் பலவீனமாக்கும். நாள், நேரம், இடம், பார்த்தவர் பெயர் ஆகியவற்றை எழுதி, ஒப்பந்ததாரரிடமும் வளாக நிர்வாகத்திடமும் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்குங்கள். மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மேற்படாமல், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பதிவும் இருந்தால், பணியிடக் காயத்துக்குக் குறைந்தபட்சச் சந்தாக் காலம் எதுவும் தேவையில்லை. வேலை செய்ய முடியாதென்று மருத்துவர் சான்றளிக்கும் நாள்களுக்குச் சராசரி ஊதியத்தில் 90 விழுக்காடு உதவித்தொகையாகக் கிடைக்கும். பதிவே செய்யவில்லை என்றால் அது முதலாளியின் குற்றமே தவிர உங்களுடையது அன்று. தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம். பக்கங்கள் மூடிய பாதுகாப்புக் கண்ணாடியை நிர்வாகம்தான் தன் செலவில் வாங்கித் தரவேண்டும் என்பதையும் நிர்வாகத்திடம் கொடுக்கும் விபத்துக் கடிதத்திலேயே சேர்த்து எழுதிவிடுங்கள்.