தாலேட் கொழுப்பு செல்லுக்குள் என்ன செய்கிறது?

பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் தாலேட் உடம்பில் கொழுப்பைக் கூட்டுமா, எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிவிசி என்ற பிளாஸ்டிக்கை வளையவைக்க டிஇஎச்பி என்ற தாலேட்டைச் சேர்ப்பார்கள். அது பிவிசியோடு வேதிப்பிணைப்பில் இல்லை, வெறுமனே கலந்திருக்கிறது. அதனால் எண்ணெய்ப் பண்டம் பட்டால் கசிந்துவிடும். குடலில் கொழுப்பைச் செரிக்கும் லைபேஸ் நொதி அதை உடைத்து எம்இஎச்பி என்ற சிறிய மூலக்கூறாக ஆக்குகிறது. கவனிக்க வேண்டியது இதைத்தான்.

கொழுப்பு செல்லின் உட்கருவில் பிபிஏஆர்-காமா என்றொரு புரதம் உண்டு. இளஞ்செல் கொழுப்பு செல்லாக முதிர்வதில் இதன் கைதான் ஓங்கியிருக்கும். கொழுப்பு அமிலங்கள் வந்து பொருந்துவதற்கென்றே அதில் ஒரு குழி இருக்கிறது. எம்இஎச்பிக்கும் ஒரு முனையில் அமிலத் தலை, மறுமுனையில் கொழுப்பு வால். அதனால் அந்தக் குழியில் அதுவும் போய் உட்கார்ந்துகொள்கிறது. புரதத்தின் வடிவம் சற்றே மாறுகிறது. அப்புறம் அது ஆர்எக்ஸ்ஆர் என்ற கூட்டாளிப் புரதத்தோடு டிஎன்ஏவில் நின்று, கொழுப்பைச் சேமிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. ரோசிகிளிட்டசோன் என்ற சர்க்கரை நோய் மாத்திரைக்கும் இதே குழிதான் இலக்கு. ஆனால் எம்இஎச்பி அதைவிடப் பலவீனமானது, எல்லா மரபணுக்களையும் எழுப்புவதில்லை.

சரி, மனிதர்களில்? சிறுநீரில் தாலேட் கழிவுகள் கூடுதலாக இருப்பவர்களுக்கு இடுப்புச் சுற்றளவும் கூடுதல் என்று சில ஆய்வுகளில் தெரிந்தது. அது தொடர்புதான், காரணம் என்று நிரூபணமாகவில்லை. இருந்தாலும் சூடான எண்ணெய்ப் பண்டங்களை மென்மையான பிவிசியில் வைக்காதீர்கள் என்றே சொல்வேன்.