துவரம் பருப்பு போதுமா, பவுடர் வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 39. எச்.ஐ.வி.க்காக மூன்று வருடங்களாக ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறேன். உயரம் 152 செ.மீ., எடை 38 கிலோ. இப்படி மெலிந்திருந்தால் டிபி வந்துவிடும், நன்றாகச் சாப்பிடுங்கள் என்கிறார் நர்ஸ். தெரிந்தவர் ஒருவர் புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்கிறார். வீட்டு வேலைக்குப் போகும் எனக்கு அது கட்டுப்படியாகாது. சாப்பாட்டால் டிபியைத் தடுக்க முடியுமா?

பதில்: பவுடர் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் முட்டையும் கடலையும் வாங்குங்கள்.

அதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். இந்த 38 கிலோ எப்போதும் உள்ள எடையா, சமீபத்தில் இறங்கியதா? இறங்கியது என்றால், அதுவே டிபியின் அறிகுறியாக இருக்கலாம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இருமல் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. இருமல், காய்ச்சல், இரவில் வியர்வை, எடைக் குறைவு, இதில் எது இருந்தாலும் உடனே பரிசோதனைக்குப் போங்கள். சாப்பிட்டுத் தேறிவிடலாம் என்று காத்திருக்காதீர்கள்.

டிபி இல்லை என்று உறுதியானால், நர்ஸ் சொன்னது முழுக்கச் சரி. நம்மில் பலருக்கு டிபி கிருமி உடம்புக்குள் ஏற்கெனவே உறங்கிக் கிடக்கிறது. அதை அடக்கி வைப்பது எதிர்ப்புச் சக்தி. எச்.ஐ.வி. அதைக் குறைக்கிறது, பட்டினியும் அதைத்தான் குறைக்கிறது. உங்களுக்கு இரண்டும் சேர்ந்திருக்கிறது.

ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அதில் பங்குண்டு. டிபி நோயாளிகளின் வீட்டில் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கவனித்தார்கள். அவர்களில் ஒரு பிரிவினருக்கு மாதம் தலைக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பு, கூடவே சத்து மாத்திரை. அந்தப் பிரிவில் டிபி வந்தது சுமார் 40 சதவீதம் குறைந்தது. நம் ரேஷன் கடையில் கிடைக்கும் அதே அரிசி, பருப்புதான்! அது எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கென்றே நடந்த ஆய்வு அல்ல. அதே அளவு பலன் கிடைக்கும் என்று உங்களுக்கு நான் வாக்குத் தர முடியாது. ஆனால் தான்சானியாவில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வைட்டமின் டி மட்டும் கொடுத்துப் பார்த்தபோது டிபி குறையவில்லை. அதனால்தான் மாத்திரை, பவுடரை விட வயிறாரச் சாப்பிடுவதை நம்பச் சொல்கிறேன்.

உங்கள் உயரத்துக்குக் குறைந்தது 43 கிலோ வேண்டும். அதாவது இன்னும் 5 கிலோ. அரிசியோடு தினமும் கெட்டியாகப் பருப்பு, ஒரு வேகவைத்த முட்டை, ஒரு கை வேர்க்கடலை, அவ்வப்போது முருங்கைக்கீரை, கருவாடு. இரண்டு வேளை சாப்பிடுகிறவர் என்றால் மூன்றாவது வேளையைச் சேர்ப்பதுதான் முதல் மருந்து. ஒவ்வொரு முறை மாத்திரை வாங்கப் போகும்போதும் எடை பார்த்து எழுதி வையுங்கள்.

இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை கொடுத்தால் டாக்டரிடம் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். டோலுடெக்ராவிர் உள்ள ஏ.ஆர்.டி. மாத்திரையோடு அவற்றை வெறும் வயிற்றில் சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது.

அப்புறம், டிபி தடுப்பு மாத்திரை முடித்துவிட்டீர்களா? தினமும் போட்டால் ஆறு மாதம், வாரம் ஒருமுறை போடும் வகையில் மூன்று மாதம். போடவில்லை என்றால் அடுத்த முறை நீங்களே கேளுங்கள். சாப்பாடு அதற்கோ ஏ.ஆர்.டி.க்கோ மாற்று அல்ல.

எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், அந்த முட்டையை இன்றைக்கே உங்கள் தட்டில் முதலில் வைத்துக்கொள்ளுங்கள்.