பனிச்சறுக்கு விடுமுறைக்குப் போகும் ஒரு கிழமை, ஊரில் தனியாக இருக்கும் அம்மாவோடு எப்படித் தொடர்பில் இருப்பது?

லண்டனில் இருந்து பிள்ளைகளோடு அல்ப்ஸ் மலைக்குப் போகிறோம், கோண்டாவிலில் அம்மா தனியே, தினமும் கதைத்துப் பழகியவர், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் யாழ்ப்பாணத்தில்தான், கோப்பாயில் என் அம்மாவோடு இருப்பவள். அண்ணா குடும்பம் சூரிச்சில். ஒவ்வொரு மாசியிலும் பள்ளிக்கூட விடுமுறைக்கு அவர்கள் மலைக்குப் போவார்கள். அந்தக் கிழமை இங்கே வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பவர்களின் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. அண்ணா குடும்பத்தார் முதல் நாள்தான் கிரிண்டல்வால்ட் என்ற சுவிஸ் மலையூருக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். சின்னவன் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஸ்கீ போடப்போகிறான். இலங்கை நேரம் மத்தியானம் பன்னிரண்டுக்கு வீடியோ கோல் எடுப்பதாகப் பேச்சு. பதினொன்றரை மணியளவில் இலங்கை முழுக்கக் கரண்ட் போய்விட்டது. வீட்டு ரவுட்டர் அணைந்தது. அம்மாவின் போனில் சிம் இருந்தது, டேற்றா போட்டிருக்கவில்லை. நான் சுன்னாகத்தில் ஒரு கலியாண வீட்டில் நின்றேன்.

மூன்றரைக்கு வீட்டுக்கு வந்தால், அம்மா விறாந்தையில் கதிரையைப் போட்டு இருக்கிறா. மடியில் போன். மத்தியானச் சோறு மூடினபடி. "தம்பிக்கு ஏதோ நடந்திட்டுது பிள்ளை, சொன்ன நேரத்துக்கு எடுக்கேல்லை" என்றா. அவ அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என் போனில் இருந்து மெசேஜ் போட்டேன். பத்து நிமிடத்தில் அண்ணாவின் குரல் வந்தது, பின்னால் காற்று இரைந்தது: "அம்மா, நான் சுகமா நிக்கிறன். காலமை எடுத்தனான், போகேல்லை. நீங்கள் கோயிலுக்குப் போயிட்டீங்கள் எண்டு நினைச்சன்." அம்மா அதை மூன்று தரம் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் சோற்றுக் கோப்பையை எடுத்தா.

வட்ஸ்அப் போகாவிட்டால் சாதாரண கோல் எடுத்துப் பார்க்கலாம் என்பது அண்ணாவுக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை. காசு போனாலும் பரவாயில்லை, அப்படி ஒரு தரமாவது எடுத்துப் பாருங்கள்.

1990இல் இருந்து ஐந்தாறு வருடம் போரால் யாழ்ப்பாணத்தில் கரண்டும் இல்லை, தொலைபேசியும் இல்லை. அண்ணா அந்தக் காலத்தில்தான் வெளிக்கிட்டவர். சுவிஸ் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்ற கடிதம் கைக்கு வர இரண்டரை மாதம் ஆனது. அந்த இரண்டரை மாதத்தை அம்மா இன்னும் மறக்கவில்லை. 2006இல் யாழ்ப்பாணத்துக்கான பாதையைப் பூட்டினபோதும் அப்படித்தான். சத்தம் இல்லை என்றால் கெட்டது நடந்திருக்கிறது என்று அந்தத் தலைமுறைக்கு வாழ்க்கை பழக்கிவிட்டிருக்கிறது. உங்கள் அம்மாவுக்கும் இதே வயதாக இருக்கும்.

ஆகவே எப்போது கதைப்பீர்கள் என்பதை விட, எப்போது கதைக்க மாட்டீர்கள் என்பதை முதலில் சொல்லிவையுங்கள். மலையில் லிஃப்ட்டுகள் பொதுவாகக் காலை ஒன்பதை ஒட்டித் தொடங்கும், பின்னேரம் நாலு, நாலரையோடு நின்றுவிடும். மாரியில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். அப்படியென்றால் இங்கே மத்தியானம் ஒன்றரையில் இருந்து இரவு ஒன்பது வரை நீங்கள் மலையில். ஒன்பது மணிக்கு எங்கள் அம்மா படுத்துவிடுவா. ஆறுதலாகக் குளித்து, சாப்பிட்டு, இரவு எடுப்போம் என்று நினைத்தால் இங்கே நடுச்சாமம் ஆகிவிடும். அங்கே காலை ஏழரை, இங்கே மத்தியானம் பன்னிரண்டு: அந்த நேரம்தான் எங்களுக்குச் சரிவந்தது. லண்டனில் இருந்து எடுக்கும்போது ஐந்தரை மணி நேர வித்தியாசம், மலையில் ஒரு மணி நேரம் குறையும் என்பதையும் அம்மாவுக்குச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வழமையான நேரத்துக்குப் போனைப் பார்த்துக்கொண்டு இருப்பா. பின்னேரம் ஸ்கீயைக் கழற்றினவுடன் "எல்லாரும் இறங்கிட்டம்" என்று ஒரு வரி குரலில் அனுப்பினால் போதும்.

சரிவில் நின்று வீடியோ கோல் எடுக்காதீர்கள். உங்களுக்கு அது அழகான காட்சி. படம் ஆடி, வெள்ளையாகி, அறுந்துபோனால் இங்கே இருப்பவர் விழுந்துவிட்டான் என்றுதான் நினைப்பார். லைவ் லொக்கேஷனும் அம்மாவுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. மலையில் நிற்கும் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் தேட அது உதவும். போன் அணைந்து புள்ளி அசையாமல் நின்றால் அம்மா அதையே பார்த்துக்கொண்டு இருப்பா. போன் அணையத்தான் செய்யும். குளிரில் லிதியம் பற்றரி சட்டென்று இறங்கும், 40 வீதம் காட்டிக்கொண்டு நிற்கும்போதே அணைந்துவிடும். ஜாக்கெட்டின் வெளிப் பொக்கெற்றில் போடாமல் உள்ளே, உடம்போடு ஒட்டி வையுங்கள். அறைக்கு வந்ததும் சூடேற விட்டு, பிறகு சார்ஜில் போடுங்கள்.

ரோமிங்கை வெளிக்கிட முதலே பாருங்கள். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்ட பிறகு ஒவ்வொரு கொம்பனிக்கும் ஒவ்வொரு விதி. சுவிஸ் அந்த ஒன்றியத்திலேயே இல்லை, அதனால் பிரான்சுக்கும் ஒஸ்ரியாவுக்கும் சரிவரும் பொதி அங்கே சரிவராமல் போகலாம்.

இனி ஒரு விஷயம், கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். அடிபட்டால் மறைக்காதீர்கள். கரண்ட் போன அந்த வருடத்துக்கு முந்தின வருடம் அண்ணாவின் மகள் விழுந்து மணிக்கட்டுச் சுளுக்கிவிட்டது. "அம்மாவுக்குச் சொல்லாதை" என்று எனக்கு மட்டும் மெசேஜ் வந்தது. அடுத்த நாள் கோலில் பிள்ளை பாணை இடக்கையால் பிடித்துக் கடிக்கிறாள், வலக்கை மேசைக்குக் கீழே. அம்மா கொஞ்ச நேரம் பார்த்தா. "வலக்கையைக் காட்டு பிள்ளை" என்றா. பிள்ளை தகப்பனைப் பார்த்தாள், பிறகு கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். அம்மா அவளோடு அன்பாகத்தான் கதைத்தா. ஆனால் அந்தக் கிழமை முழுக்க, ஒவ்வொரு கோலிலும் எல்லாருடைய கை காலையும் காட்டச் சொல்லிக் கேட்டா. என்னோடும் இரண்டு நாள் சரியாகக் கதைக்கவில்லை. அதில் பிழை என்னில்தான்.

ஊர்ப் பக்கத்தையும் ஆயத்தப்படுத்துங்கள். அம்மாவின் சிம்மில் அந்தக் கிழமைக்கு டேற்றா போட்டுவிடுங்கள், ஒரு பவர் பாங்க் சார்ஜோடு இருக்கட்டும். பக்கத்து வீட்டில் ஒருவரின் இலக்கம் உங்களிடமும், நீங்கள் தங்கும் இடத்தின் இலக்கம் அவரிடமும் இருக்க வேண்டும். அம்மாவுக்கு ஏதும் என்றால் 1990 என்ற இலங்கை அம்புலன்ஸ் இலக்கத்துக்கு நீங்கள் அங்கிருந்து அடிக்க முடியாது, இங்கே நிற்கும் ஒருவர்தான் அடிக்க வேண்டும். அந்த ஆளோடு போக முதலே ஒரு தரம் கதைத்துவிடுங்கள். உங்கள் பக்கத்துக்கு 112 ஐரோப்பா முழுக்க வேலைசெய்யும்.

கதைக்கும்போது மலையை மட்டும் காட்டிக்கொண்டு இராமல், அம்மா என்ன செய்கிறா என்றும் பிள்ளைகளைக் கேட்க வையுங்கள். அந்த மாதம் இங்கே பனங்கிழங்குக் காலம். அம்மா அவித்த கிழங்கைக் கிழித்து முற்றத்துப் பாயில் புழுக்கொடியலுக்குக் காயவிட்டிருந்தா. சின்னவன் பார்த்துவிட்டு, "அப்பம்மா, இஞ்ச ஸ்னோவில வைச்சாலும் காயுமோ?" என்று கேட்டான். அம்மாவுக்கு அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. தைப்பூசம் வரை வந்தவர் போனவர் எல்லாருக்கும் அதையே சொன்னா.

அதற்குப் பிறகு அண்ணா மலைக்குப் போவதென்றால், போக ஒரு கிழமைக்கு முன்னமே எடுத்து நேரம் சொல்லிவிடுவார். அம்மா குசினிச் சுவர்க் கலண்டரில் அந்த ஏழு நாளுக்கும் நீலப் பேனையால் எழுதிவைப்பா: "1.30–9 மலை. போன் வராது." பின்னேரம் யாராவது வந்து மகன் எடுத்தவரோ என்று விசாரித்தால், கலண்டரைக் காட்டிவிட்டுத் தேத்தண்ணி போடப் போவா.