அம்மாவுக்குக் காசியா, வாஷிங் மெஷினா?

கேள்வி: போனஸ் நாற்பதாயிரம் ரூபாய் வந்திருக்கிறது. 64 வயது அம்மாவைக் காசிக்கு அழைத்துப்போக எனக்கு ஆசை. ஊரில் அண்ணன் குடும்பத்தோடு இருக்கும் அம்மாதான் எல்லார் துணியையும் கையால் துவைக்கிறார். "டூர் பத்து நாளில் முடிஞ்சிரும், வாஷிங் மெஷின் பத்து வருஷம் உழைக்கும்" என்கிறார் அண்ணன். எது சரி?
- வாசகி, கோவை

பதில்: அண்ணன் சொல்வதைச் சட்டென்று தள்ளிவிட முடியாது. பொருள் வாங்கியதைவிட, பயணம் போன்ற அனுபவங்களுக்குச் செய்த செலவே அதிக மகிழ்ச்சி தந்ததாகப் பலர் சொன்னதை அமெரிக்க உளவியலாளர்கள் வான் போவனும் கிலோவிச்சும் 2003-ல் எழுதினார்கள். ஆனால் வசதியுள்ளவர்களிடம்தான் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது. கைக்கும் வாய்க்குமாக வாழ்கிறவர்களுக்குப் பொருள் தரும் நிம்மதி குறைந்ததல்ல. அதிலும் வாஷிங் மெஷின் என்ன, ஷோகேஸ் சாமானா? இந்த வயதில் ஈரப் போர்வையைப் பிழிகிற கையைக் கேட்டால் தெரியும்.

சரி, அந்தத் துணியெல்லாம் யாருடையது? அண்ணன், அண்ணி, பிள்ளைகளுடையதும்தானே! மெஷின் அவசியம் என்று அவருக்கே தெரிகிறபோது, அதை ஏன் உங்கள் போனஸில் வாங்க வேண்டும்? அவரே தவணையில் எடுக்கலாம். முகத்துக்கு நேராகவே கேளுங்கள். அவருக்கு உண்மையிலேயே முடியவில்லை என்றால், சாதாரண செமி ஆட்டோமேட்டிக் ஒன்றுக்குப் பாதிப் பணம் போடுங்கள். மெஷின் முதலில் வரட்டும்.

மீதியில் காசி தாராளமாகப் போகலாம். டிசம்பர், ஜனவரியில் மூடுபனியால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். ஆகஸ்ட், செப்டம்பரில் கங்கை பெருகிப் படித்துறைகள் மூழ்கிவிடும். ஏப்ரலுக்கு மேல் வெயில் தாங்காது. பிப்ரவரி, மார்ச் நல்லது. முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கிறது. அம்மாவுக்குக் கீழ் படுக்கையாகப் பார்த்து எடுங்கள். தங்குவதற்கு நகரத்தார் சத்திரத்தில் விசாரியுங்கள், தமிழிலேயே பேசிக்கொள்ளலாம்.

இன்னொன்று. உங்கள் ஆசையும் அண்ணன் கணக்கும் கடிதத்தில் இருக்கின்றன. அம்மா என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. கேட்டால் "எனக்கெதுக்கும்மா இதெல்லாம்" என்பார். அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் ராமேஸ்வரம் போய் மணல் எடுத்துக்கொண்டு காசிக்குப் போகணுமா, நேராகவே போயிடலாமா என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம் டிக்கெட் எடுங்கள்.