கொட்டகையில் நிற்கும் குட்டி யானை: அறுபதாயிரத்தை முதலில் எதில் போடுவது?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் ஊர். அப்பா 2009-இல் வாங்கிய குட்டி யானை, அதாவது டாடா ஏஸ் வண்டி, மூன்று வருடமாக மாட்டுக்கொட்டகை ஓரத்தில் தார்ப்பாய் போட்டு நிற்கிறது. முருங்கையும் தக்காளியும் மார்க்கெட்டுக்கு ஏற்றுவதில் வாடகைக்கே பாதி போகிறது. கையில் அறுபதாயிரம் ரூபாய் இருக்கிறது. உள்ளூர் மெக்கானிக் இன்ஜினை இறக்கிச் செய்தால்தான் சரிப்படும் என்கிறார். தம்பி, முதலில் பெயின்ட் அடித்துவிடலாம் என்கிறான். எதில் ஆரம்பிப்பது? இதற்குச் செலவழிக்கலாமா, பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?

பதில்: இருவர் சொன்னதையும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். முதலில் வண்டிக்கு அடியில் படுத்து, மொத்த வண்டியையும் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸிஸைப் பாருங்கள். அப்புறம் பீரோவைத் திறந்து ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். இரண்டுக்கும் காசு செலவில்லை. இந்த வண்டிக்கு அறுபதாயிரம் போடலாமா கூடாதா என்று இவை இரண்டும்தான் சொல்லும்.

காகிதத்தை முதலில் முடித்துவிடலாம். சரக்கு வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) எடுக்க வேண்டும். உங்கள் வண்டி பதினைந்து வருடத்தைத் தாண்டிவிட்டது. பத்து வருடம் ஆன டீசல் வண்டிக்கு டெல்லியில் வந்த தடையை மனதில் வைத்துப் பலர் பயப்படுகிறார்கள்; நம் ஊரில் அப்படி இல்லை, எஃப்.சி. கிடைத்தால் ஓட்டலாம். ஆனால் பதினைந்து வருடம் தாண்டிய வண்டிகளுக்கான கட்டணத்தை 2022 ஏப்ரலில் இருந்து நன்றாகவே உயர்த்திவிட்டார்கள். இன்றைய தொகை என்ன, நிறுத்தி வைத்திருந்த காலத்துக்கு வரி பாக்கி உண்டா, பசுமை வரி எவ்வளவு என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடன் போட்டு வாங்கிய வண்டி என்றால் ஹெச்.பி., அதாவது ஆர்.சி.யில் இருக்கும் கடன் கொடுத்தவர் பதிவு, நீக்கியாகிவிட்டதா என்றும் பாருங்கள். தவணை எப்போதோ முடிந்திருக்கும். ஆனால் கடன் முடிந்தது என்று கடன் கொடுத்தவர் கையெழுத்துப் போடும் ஃபாரம் 35-ஐ வாங்கி ஆர்.டி.ஓ.வில் கொடுக்காமல் விட்டிருந்தால் ஆர்.சி.யில் அந்தப் பெயர் இன்னும் நிற்கும். இந்தச் செலவோடு இன்சூரன்ஸையும் கூட்டி, அறுபதாயிரத்தில் கழியுங்கள். மிச்சம் இருப்பதுதான் வண்டிக்கான பணம். அதிலும் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து அம்மாவிடம் கொடுத்து வைத்துவிடுங்கள். பழைய வண்டியைப் பிரித்தால் எதிர்பாராத ஒன்று கட்டாயம் வெளியே வரும்.

இனி சேஸிஸ். வண்டி நின்ற இடம் எனக்குக் கவலையாக இருக்கிறது. மாட்டுச் சாணமும் கோமியமும் இருக்கும் இடத்தில் ஈரமும் அம்மோனியாவும் எப்போதும் இருக்கும். இரும்புக்கு அது ஆகாது. உர மூட்டை ஏற்றிய வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். சிந்திய உரம் பின் பாடியின் இடுக்கில் தங்கி, ஒவ்வொரு மழைக்கும் கரைந்து சேஸிஸில் வடிந்திருக்கும். வண்டியை ஜாக்கியில் மட்டும் தூக்கி அடியில் போகாதீர்கள், பக்கவாட்டில் கட்டை கொடுத்துத் தாங்கவையுங்கள். சின்னச் சுத்தியலால் சேஸிஸ் நீளத்துக்கும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு டங்கென்று திரும்பச் சத்தம் கொடுக்கும். உள்ளே அரித்த இடம் தொப்பென்று அமுங்கிய சத்தம் தரும், கூடவே துரு செதில் செதிலாக முகத்தில் கொட்டும்; கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் பழைய ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்துங்கள். முனை உள்ளே இறங்கினால் அது மேல் துரு இல்லை.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது பின் ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் பிராக்கெட்டுகள், பாடி போல்ட் இறங்கும் இடங்கள், குறுக்குச் சட்டங்கள். அதிக எடைக்காக எக்ஸ்ட்ரா பட்டை போட்டு ஓட்டியிருந்தால், அந்தப் பிராக்கெட்டைச் சுற்றி மயிரிழைபோல விரிசல் இருக்கிறதா என்று துடைத்துவிட்டுப் பாருங்கள். குறுக்குச் சட்டம் ஒன்றிரண்டு போயிருந்தால் மாற்றிவிடலாம். நீளச் சட்டமே ஸ்பிரிங் பிராக்கெட் பக்கத்தில் ஓட்டை விட்டிருந்தால் என் பதில் நேரடியானது: செலவு செய்யாதீர்கள், பழைய இரும்புக்குக் கொடுத்துவிடுங்கள். அதன்மேல் தகடு வைத்து ஒட்டித் தருவதாகச் சொல்பவர்கள் உண்டு. முக்கால் டன் தக்காளியோடு மேடு இறங்கும் வண்டியில் அந்த ஒட்டை நம்பி உங்களை உட்காரச் சொல்ல எனக்கு மனம் வராது.

சேஸிஸ் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து எல்லோருக்கும் வரும் ஆசை, பேட்டரி போட்டு ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்ப்பது. அல்லது டிராக்டரில் கட்டி இழுப்பது. இழுத்து ஸ்டார்ட் செய்வதுதான் நல்ல இன்ஜினைக்கூடக் கெடுத்துவிடும். இது இண்டிகா காரின் நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜினைப் பாதியாக்கியது மாதிரி: இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன். உள்ளே, வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்கும் டைமிங் பெல்ட் ஓடுகிறது. மூன்று வருடம் ஒரே வளைவில் இறுகி நின்ற ரப்பர் பெல்ட், இழுத்த இழுப்பில் பல் உரிந்தாலோ அறுந்தாலோ வால்வு பிஸ்டனில் இடிக்கும். அப்போது மெக்கானிக் சொன்னதுபோல இன்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டும். பெல்ட்டையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் கடைசியாக எப்போது மாற்றினோம் என்று தெரியாவிட்டால், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே மாற்றுங்கள்.

எலி வேலையையும் பாருங்கள். ஏஸில் இன்ஜின் சீட்டுக்கு அடியில், இதமான இருட்டான இடத்தில் இருக்கிறது. எலி கூடு கட்ட அதைவிட நல்ல இடம் கிடையாது. வயரிங் முழுவதையும் கண்ணால் பார்க்காமல் பேட்டரியை இணைக்காதீர்கள். ஏர் ஃபில்டர் டப்பாவையும் திறந்து பாருங்கள், வைக்கோலும் கந்தலும் உள்ளே இருக்கலாம். டீசல் டேங்கை முழுதாக வடித்துவிடுங்கள். அடியில் தண்ணீரும் கறுப்புக் கசடும் வரும். அதை வடிக்காமல் புது ஃபில்டர் போட்டால் அது ஒரு நாளில் அடைத்துக்கொள்ளும். அந்தத் தண்ணீர் டீசல் பம்ப்புக்குள் போனால் இருக்கும் பணம் அதற்கே போய்விடும்.

ஹீட்டர் பிளக் இரண்டையும் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். மறுநாள் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பானர் வைத்துக் கையால் சுற்றுங்கள். பிளக் கழற்றியிருப்பதால் லேசாகச் சுற்ற வேண்டும். எங்காவது கட்டென்று நின்றால் பலத்தைக் காட்டாமல் நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். நன்றாகச் சுற்றினால், பழைய ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரில் சில விநாடி சுற்றவிட்டு, உள்ளே விட்ட ஆயிலை வெளியே துப்பவிடுங்கள். பிறகு பிளக்கை மாட்டி, டீசல் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றி, ஸ்டார்ட் செய்யலாம். அந்த முதல் தடவை ஒருவர் கையில் தட்டையான பலகையோடு காற்று உள்ளே போகும் வாய்ப் பக்கம் நிற்கட்டும். நெடுநாள் நின்ற டீசல் பம்ப் உள்ளே சிக்கியிருந்தால் இன்ஜின் தானாக வேகம் எடுத்து நிற்காமல் ஓடும். சாவியைத் திருப்பினாலும் கேட்காமல் போகலாம். பலகையால் காற்றை அடைத்தால் அடங்கிவிடும். வெறும் கையால் அடைக்கவே கூடாது.

ஓடத் தொடங்கிய பிறகுதான் இன்ஜினை இறக்கலாமா என்ற கேள்வியே வருகிறது. சூடானதும் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதே ஓட்டையின்மேல் கவிழ்த்து வையுங்கள். லேசாக ஆடினால் பயமில்லை. குதித்துக் கீழே விழுந்து, புகை குபுகுபு என்று வந்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் காற்று பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிகிறது. பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் உள்சுவரும் தேய்ந்திருக்கிறது. சைலன்சரில் நீலப் புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் பெரும்பாலும் ஏர் ஃபில்டரோ, டீசலைப் பீய்ச்சும் நாசிலோதான். நாசிலைக் கழற்றி டீசல் பம்ப் சர்வீஸ் செய்யும் கடையில் டெஸ்ட் செய்தால் தெரிந்துவிடும், அதற்கு இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. ஆயில் பால் கலந்ததுபோல வெளுத்திருந்தாலோ, குளிர்ந்த இன்ஜினை ரேடியேட்டர் மூடி திறந்தபடி ஓடவிடும்போது தண்ணீரில் குமிழி விடாமல் வந்தாலோ ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். இதெல்லாம் பார்த்து, கம்ப்ரஷன் கேஜும் வைத்துப் பார்த்த பிறகு மெக்கானிக் இறக்கச் சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள். நின்ற வண்டியைப் பார்த்து யாராலும் அதைச் சொல்ல முடியாது.

இன்ஜின் சுமாராக இருந்தாலும் சரி, பெரிய பணம் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் டயருக்கும்தான் போக வேண்டும். இதில் நான் இறங்கி வரவே மாட்டேன். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். மூன்று வருடம் நின்றதில் பின் டிரம்முக்குள் வீல் சிலிண்டர் துருப்பிடித்து இறுகியிருக்கும், முன் டிஸ்க்கில் காலிபர் பின் நகராது. மிதித்தால் பெடல் கல்லுமாதிரி இருக்கும், ஆனால் ஒரு சக்கரம் மட்டும்தான் பிடிக்கும். வீல் சிலிண்டர், ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் கிட், ஆயில் எல்லாம் புதிது போடுங்கள். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் என்ன டாட் (DOT) எண் போட்டிருக்கிறதோ அதே ஆயிலை வாங்குங்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் கிங்பின்னோ (முன் சக்கரம் திரும்பும் அச்சு ஊசி) வீல் பேரிங்கோ தேய்ந்திருக்கும். பக்கவாட்டில் ஆடினால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டையும் சேர்த்துப் பாருங்கள். டயரில் பட்டன் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2314 என்றால் 2014-இன் 23-வது வாரம் செய்தது. அவ்வளவு பழைய ரப்பர் புதிதாகத் தெரிந்தாலும் பாரத்தில் பிளந்துவிடும்.

ரேடியேட்டரில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். உங்கள் பக்கத்து உப்புத் தண்ணீர் உள்ளே சுண்ணாம்பாகப் படிந்து, கோடையில் முக்கால் டன் ஏற்றினால் டெம்பரேச்சர் முள் மேலே போய்விடும். ரேடியேட்டரைக் கழுவி, ஹோஸ் அத்தனையும் மாற்றி, கூலண்ட் ஊற்றுங்கள். சூடாகிறது என்று சொன்னால் சில மெக்கானிக்குகள், இன்ஜின் சூட்டை அளவில் வைக்கும் தெர்மோஸ்டாட்டையே கழற்றி வீசிவிடுவார்கள். இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் டீசலைக் குடிக்கும், தேய்மானமும் கூடும். கழற்ற விடாதீர்கள்.

காசை மிச்சம் பிடிக்க இடம் இருக்கிறது. கதவு, கண்ணாடி, சீட், பம்பர், பின்கதவு, விளக்குக் கூடு எல்லாம் சென்னை புதுப்பேட்டை மாதிரிப் பழைய சாமான் கடைகளில் தாராளமாக வாங்கலாம். ஏஸ் 2005-இல் இருந்து லட்சக்கணக்கில் ஓடும் வண்டி என்பதால் சாமானுக்குப் பஞ்சமே இல்லை. பிரேக் சாமான், டை ராடு எண்ட், பேரிங், ஹோஸ், டயர் மட்டும் பழையதில் கூடாது. புதிதிலும் பாதி விலைக்குக் கிடைக்கும் போலி ஃபில்டரும் பேரிங்கும் நிறைய. பில் தரும் கடையில் வாங்குங்கள்.

இப்போது தம்பியின் பெயின்டுக்கு வருவோம். துருவின்மேல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்காலத்தில் கொப்பளம் விடும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, இற்ற தகட்டை வெட்டி எடுத்து நல்ல தகடு வைத்து வெல்டு செய்து, எபாக்ஸி பிரைமர் அடித்துவிட்டால் போதும். மேல் பெயின்ட் அறுவடைப் பணம் வந்த பிறகு அடிக்கலாம். வெல்டிங்குக்கு முன் பேட்டரி ஒயரையும் ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழற்றுங்கள். டீசல் டேங்கில் காலியாக இருந்தாலும் நெருப்பு காட்டாதீர்கள், உள்ளே ஆவி இருக்கும். சேஸிஸ் நம்பர் அடித்த இடத்தில் கிரைண்டர் படக் கூடாது, பெயின்டும் தடிமனாக ஏறக் கூடாது; எஃப்.சி.யில் அந்த எண் தெளிவாகத் தெரிய வேண்டும். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும் என்பதால் பழைய நிறத்தையே அடியுங்கள். கதவின் அடியிலும் பின் பாடியிலும் தண்ணீர் வடியும் ஓட்டைகள் அடைத்திருக்கும், கம்பி விட்டுக் குத்திவிடுங்கள். பழைய இன்ஜின் ஆயிலை அடியில் பீய்ச்சி அடிக்கும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. ரப்பர் புஷ்ஷும் பிரேக் ஹோஸும் ஊதிக் கெடும், மண்ணும் பாழாகும்.

ஓட ஆரம்பித்த பிறகு வேலை கொஞ்சம்தான். கிங்பின்னுக்கும் ஸ்பிரிங் பட்டை முனையைத் தாங்கும் ஷாக்கிளுக்கும் கிரீஸ் கன் ஒன்று வாங்கி நீங்களே அடியுங்கள், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை. பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி வரும்வரை அடிக்க வேண்டும். தோட்டத்து மண் பாதையில் ஓடுவதால் ஏர் ஃபில்டரை அடிக்கடி எடுத்து, உள்ளிருந்து வெளியே காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். குறைவாக ஓட்டினாலும் வருடத்துக்கு ஒருமுறையாவது ஆயில் மாற்றுங்கள். உரம் ஏற்றிய அன்றே பின் பாடியைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். சீசன் நேரத்தில் ஒன்றரை டன் ஏற்றச் சொல்லிக் கேட்பார்கள். அதற்கு இரண்டு நடையாகப் போய் வாருங்கள். நிறுத்த வேண்டி வந்தால் கொட்டகை ஓரம் வேண்டாம், காற்றோட்டமான மேட்டு இடமாகப் பார்த்து, வாரம் ஒருமுறை இன்ஜின் சூடாகும்வரை ஓட்டி எடுங்கள்.